படத்தில் யார் யார்

சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரல் நோய்க்கு அரசே வைத்தியம் பார்க்க வேண்டுமென்று செனட்டர் வினிஃப்ரெட் ஹால்வர்சன் தன் பதவிக்காலமெல்லாம் மல்லுக்கட்டினாள். அதற்கான சட்டத்தில் அதிபர் கையெழுத்திடவிருந்த காலையில், அதை இருமுறை தோற்கடித்த ஆண்கள்தான் மேசைக்குப் பின்னால் பல்லெல்லாம் தெரிய நின்றார்கள்.

புகைப்படக்காரன் அவளைப் பார்த்துக் கையை ஆட்டினான். "மேடம், கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க. செனட்டருங்க மட்டும்தான் படத்துல."

அவளும் செனட்டர்தான் என்று ஒருவராவது சொல்வார்களா என்று பார்த்தாள். ஒருவர் டையைச் சரிசெய்துகொண்டார். இன்னொருவர் சிரித்தேவிட்டார்.

அவள் நேராகப் போய், அதிபருக்காகப் போட்டிருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"இப்ப எடுப்பா."

கதவு திறந்தது. எல்லோரும் விறைத்து நின்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.