ஆந்தையை எடுத்துவிட்டார்கள்

“ஆந்தையை எடுத்துட்டாங்களாம்! எந்தப் பாவியோட கண்ணை அது உறுத்துச்சோ?”

எலுமிச்சை ஐஸை ஆட்டி ஆட்டி வெர்னா போட்ட சத்தத்தில், வரிசையில் முன்னால் நின்ற குடும்பம் திரும்பிப் பார்த்தது.

“அம்மா, மெதுவா. எல்லாரும் பார்க்கறாங்க” என்றான் ட்ரெவர்.

“பார்க்கட்டும். நீ சொல்லும்மா மாரிபெல், ஆந்தை இல்லாம அது என்ன முன்காட்சி?”

ஆர்லாண்டோ கேளிக்கைப் பூங்காவின் ஜூலை வெயிலில் மாரிபெல் தன் பதிலை மனதுக்குள் ஒருமுறை ஒத்திகை பார்த்தாள். ட்ரெவரைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் அவள். அவன் அம்மாவை இன்றுதான் முதன்முதலில் பார்க்கிறாள். மற்ற வீடுகளில் என்றால் வருங்கால மருமகளுக்கு விருந்து வைப்பார்கள். ப்ரூயிட் வீட்டில் புயல் கோபுரத்துக்கு அழைத்து வருவார்கள்.

ஆளை உச்சிக்குத் தூக்கிப் போய் அங்கிருந்து தொப்பென்று கீழே விடும் சவாரி அது. அதற்கு முன்னால் இருட்டறையில் நிற்கவைத்து, கலங்கரை விளக்கத்தில் புயலடித்த கதையைச் சொல்லி மிரட்டுவார்கள். அந்த முன்காட்சிதான் வெர்னாவுக்கு உயிர்.

“‘அது சும்மா நேரம் போக்கத்தானே’ன்னு நான் முன்னாடி கூட்டிட்டு வந்த ஒருத்தி சொல்லிட்டா. அதுக்கப்புறம் அம்மா அவ பேரைக்கூடச் சொல்றதில்ல. ‘அந்தப் பொண்ணு’தான்” என்று ட்ரெவர் ஏற்கெனவே எச்சரித்திருந்தான்.

அதனால் மாரிபெல் இணையத்தில் கிடைத்த அந்த முன்காட்சியின் பழைய வீடியோக்களையெல்லாம் போட்டுப் பார்த்துப் பாடம் பண்ணிக்கொண்டு வந்திருந்தாள்.

“ஆந்தை போனா போகட்டும், மிஸஸ் ப்ரூயிட். அந்த விளக்குக்காரியை நிறுத்தினாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல.”

வெர்னா அப்படியே நின்றுவிட்டாள். “அவளை உனக்குத் தெரியுமா? நீ அப்ப பொறந்தே இருக்க மாட்டியே!”

“நிஜமான ஆளு. கையில அரிக்கேன் விளக்கு. ஒவ்வொருத்தர் முகத்துக்கிட்டயும் வந்து, ‘இங்க வர்றதை வீட்ல சொல்லிட்டு வந்தியா?’ன்னு கேட்பாளாம்.”

“ஆமா, கேட்பா! எனக்கு முதுகெல்லாம் சில்லுனு ஆயிடும். அவளை அனுப்பிட்டுத் திரையில ஒரு தாடிக் கேப்டனைக் கொண்டுவந்தானுங்க.”

“அப்புறம் கேப்டன் பேச்சையும் பாதியா வெட்டிட்டாங்க.”

“வெட்டினப்ப நான் இவங்க ஆபீஸ் வாசல்ல கண்டன அட்டை பிடிச்சுக்கிட்டு நின்னேன், தெரியுமா? அதுக்கு மன்னிப்புக் கேட்கற மாதிரி, தலையைச் சுத்திச் சுத்திப் பார்க்கற ஆந்தையை வச்சாங்க. இப்ப அதுவும் போச்சு.”

“வரிசை சீக்கிரம் நகரணும்ல?” என்றான் ட்ரெவர். “ஜனங்க சவாரிக்குத்தானேம்மா வர்றாங்க.”

“வாயை மூடுடா. சவாரியாம் சவாரி! தூக்குது, போடுது, முடிஞ்சுபோச்சு. அதுல என்ன இருக்கு?” வெர்னா மாரிபெல்லின் கையைப் பிடித்துக்கொண்டாள். “வெர்னான்னே கூப்பிடு கண்ணு. டேய், இவளை விட்டுடாதே.”

ஐஸ் பிடித்திருந்த கை ஜில்லென்றிருந்தது. ஆனால் மாரிபெல்லுக்கு அது சுட்டது. அவளுக்கு இரண்டாவது மாடி பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாலே உள்ளங்கால் கூசும். ட்ரெவருக்கு மட்டும்தான் அது தெரியும். கடைசி நேரத்தில் பின்வாங்குகிறவர்களுக்காக இருட்டறையின் மூலையில், நீல விளக்கின் கீழ் ஒரு கதவு உண்டு. பயந்தாங்கொள்ளிக் கதவு என்றுதான் அதற்குப் பெயர்.

“அது வழியா நழுவிடு” என்று அவன் சொல்லியிருந்தான். “அம்மா எப்பவும் கடைசி வரிசையில தனியாத்தான் உட்காருவாங்க. பக்கத்துல ஆள் இருந்தா வாய்விட்டுக் கத்த முடியாதாம். நீ என் பக்கத்துல இருந்தேன்னு நான் சொல்லிடறேன்.”

இன்றைக்கு அந்தப் பொய்யைச் சொல்லிவிடலாம். அடுத்த வருஷம்? அதற்கடுத்த வருஷம்? குழந்தை பிறந்து, அதையும் இங்கே கூட்டி வந்து, அதனிடமும் பொய் சொல்வோமா? வெர்னாவுக்குத் தன்னைப் பிடிக்க வேண்டும் என்றுதானே இத்தனையும் படித்தாள். இப்போது அவளுக்குப் பிடித்திருப்பது தன்னையல்ல, வேறு யாரையோ என்று மாரிபெல்லுக்குத் தோன்றியது.

அறைக்குள் போனார்கள். கதவு மூடி விளக்கு அணைந்தது. இடி இல்லை, மழை இல்லை, கேப்டன்கூட இல்லை. ‘பைகளைக் காலடியில் வைக்கவும், பெல்ட்டை மாட்டவும்’ என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

“இவ்வளவுதானா?”

இருட்டில் கேட்ட வெர்னாவின் குரல், கையிலிருந்த மிட்டாயைப் பறிகொடுத்த குழந்தையின் குரல் போலிருந்தது.

எதிர்ச் சுவர் திறந்ததும் கூட்டம் முண்டியடித்து ஓடியது. ட்ரெவர் அவள் விரல்களை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனான். அறை காலியானதும் மாரிபெல் நீல விளக்கை நோக்கி நடந்தாள். வெளியே வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ‘அந்தப் பொண்ணு’ என்று பெயர் எடுத்தாலும் பரவாயில்லை.

கதவைத் தள்ளினாள். வெளிச்சத்தில் முதலில் கண் கூசியது. பிறகு, பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த உருவமும், எதிரே நின்ற காவலாளியும் தெரிந்தார்கள்.

“உங்க கோபம் புரியுது வெர்னா மேடம்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். “ஒரு தடவைகூட மேல ஏறாம இந்தக் கதவு வழியாவே வெளிய வர்றவங்களுக்கு, அந்த அறைக்குள்ள நடக்கறதுதானே மொத்தச் சவாரியும்!”

வெர்னா திரும்பினாள். மாரிபெல்லைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பிறகு பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

“உட்காரு கண்ணு. அவன் வந்ததும் கத்திக் கத்தித் தொண்டை கட்டின மாதிரிப் பேசணும். அப்பத்தான் நம்புவான்.”