ஒரே சட்டை

"இன்னும் கிளம்பலையா? ஓட்டுப் போட வேணாமா?" கணவர் அவசரப்படுத்தினார்.

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவேயில்லை. "யாருக்குப் போட்டு என்னங்க ஆகப் போகுது? தெருக்குழாய்ல தண்ணி வந்து எத்தனை வருஷமாச்சு!"

"கட்சியை மாத்திப் போட்டுப் பாரேன்."

"போன தடவை ஒரு கட்சி, அதுக்கு முந்தி வேற கட்சி. மாத்தி மாத்தித்தான் போட்டேன். ரெண்டும் ஜெயிச்சுது. குழாய் காஞ்சுதான் கிடக்கு."

"இந்தக் கட்சி அப்படியில்ல. என்னை நம்பு!"

"அண்ணே, நேரமாச்சு!" வாசலில் கூட்டம் கத்தியது. அவர் சட்டைக்குக் கை நீட்டினார்.

சட்டைப் பையில் பழைய சின்னங்களைப் பிரித்த தடத்தின் மேலேயே புதுச் சின்னத்தைத் தைத்து முடித்தவள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"எந்தக் கட்சிக்குப் போட்டாலும் ஜெயிச்சு வர்றது நீங்கதானேங்க!"