முதல் வாய்

வலது கை சொன்னதையேதான் இடது கையும் சொன்னது.

"தொண்ணூறுக்கு அம்பது. இப்பவாவது நம்பறீங்களா பெத்தாயனா?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா பட்டையைச் சுருட்டி வைத்தார்.

பெரியவர் பாலையா நம்பவில்லை.

பங்குனியில் நகரியில் இதே மாதிரிப் பட்டையை செல்லியம்மாவின் கையில் கட்டி, இதே மாதிரிப் பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு, பிரஷர் ஏறிக்கிடக்கிறது, உப்பைக் குறை என்றார்கள். இப்போது ஆடி. திருப்பதியில் அவர் கையில் கட்டிப் பார்த்துவிட்டு, பிரஷர் இறங்கிக்கிடக்கிறது, உப்பைச் சேர் என்கிறார்கள்.

ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஒரே சட்டிக் குழம்பு. அதெப்படிப் பெண்டாட்டிக்கு ஏறும், புருஷனுக்கு இறங்கும்?

ஒன்று மெஷின் பொய் சொல்கிறது, இல்லை டாக்டர்கள் சொல்கிறார்கள். வருகிறவன் வீட்டில் என்ன நடக்கிறதோ அதற்கு நேர்மாறாகச் சொல்லி அனுப்பத்தான் இவர்களெல்லாம் படித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

ஆனால் அவர் விழுந்தது பொய்யில்லை.

மூன்று தடவை விழுந்தாயிற்று. முதலில் மாட்டுக்கொட்டகையில். அப்புறம் பஸ்ஸை விட்டு இறங்கும்போது. போன வெள்ளிக்கிழமை கடலைக்காய்க்குத் தண்ணீர் கட்ட மோட்டாரைப் போட்டுவிட்டு நிமிர்ந்தார், கண் இருட்டிவிட்டது. கிணற்று விளிம்புக்கு ஒரு முழம்கூட இல்லை. செல்லியம்மா வேட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

சேதி எப்படியோ குவைத்துக்குப் போய்விட்டது. எஸ்.டி.டி. பூத்துக்குக் கூப்பிட்டு அழுதான் மகன் ரமணா. "இன்னொரு வாட்டி வுழுந்தேன்னு கேள்விப்பட்டா, வேலைய வுட்டுட்டு வந்துடுவேன் நைனா."

அவன் போய்ப் பத்து மாதம்தான் ஆகிறது. வந்துவிட்டால் மறுபடி அனுப்ப எந்தச் சாமி விசா தரும்?

அதற்காகத்தான் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்.

டாக்டரம்மா பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலுமாகச் சொல்லிக்கொண்டே போனார். படுத்திருந்தால் விருட்டென்று எழக் கூடாது. காலைத் தொங்கப் போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, விரல்களை ஆட்டிவிட்டு, அப்புறம்தான் எழ வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். ஒரேயடியாக வயிறு முட்டத் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்ன வேண்டும். மோரில் உப்புப் போட்டுக் குடிக்கலாம். கண் இருட்டினால் வெட்கப்படாமல் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

"மருந்து?"

"இப்போதைக்கு மருந்து வேணாம். இதைச் செய்யுங்க, போதும்."

மருந்து எழுதாத டாக்டரை பாலையா அன்றுதான் பார்த்தார். சந்தேகம் இன்னும் கூடியது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"சித்திரைலேர்ந்து."

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?"

"நானா? இந்த ஒடம்புக்கு இதுவரிக்கும் எவனும் ஒரு மாத்திரை எழுதிக் குடுத்ததில்ல."

செல்லியம்மாவும் பக்கத்திலிருந்து கையை ஆட்டினாள். "அதுக்கு ஒண்ணும் கெடையாது தாயி. மாத்திரையெல்லாம் எனக்குத்தான்."

டாக்டரம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார்.

பஸ் ஸ்டாண்டில் தள்ளுவண்டி மோர் வாங்கினார் பாலையா. நாலு மாதத்துக்கு அப்புறம் நாக்கில் உப்பு பட்டது. நாக்குக்குச் சந்தோஷம். மனசுக்குத்தான் திருட்டுத்தனம் செய்வது போல இருந்தது. அவளுக்கு ஆகாதது இவருக்கு மருந்தாம்.

செல்லியம்மா தூக்கைத் திறந்தாள். உப்பில்லாத சோறு. அவர் இரண்டு வாய் தின்னும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் தன் பங்கில் கை வைத்தாள். நாற்பது வருஷமாக அப்படித்தான். குழம்போ மாம்பழமோ கோயில் பிரசாதமோ, முதல் வாய் அவருடையது.

நகரி பஸ் வந்தது.

பாலையா சொன்னபடியே செய்தார். கால் விரல்களை ஆட்டினார். கொஞ்ச நேரம் பொறுத்தார். மெதுவாகத்தான் எழுந்தார்.

பஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூட்டத்தின் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தூரமாயிற்று. வெட்கப்படாமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எல்லாம் செஞ்சனே! இன்னாமே இது?"

"அந்தம்மாக்கு ஒரு எழவும் தெரியல." முந்தானையால் அவர் முகத்துக்கு விசிறினாள். "ரமணாகிட்ட வாயத் தொறக்காத."

பஸ் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் ஆகும்.

செல்லியம்மா சுருக்குப்பையைப் பிரித்து தன் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்தாள். இன்னும் நாலுதான் இருந்தது. ஒரு மாதத்து மாத்திரை பதினைந்தே நாளில் தீர்ந்துவிடுகிறது என்று மருந்துக்கடைத் தாமோதரன் கத்துவான். கோழிக்குப் போடுகிறாயா என்று கேட்பான். அவளுக்கு அதுவும் புரிந்ததில்லை. தின்னுவதற்குத்தானே கொடுக்கிறான்?

அட்டையை அமுக்கி இரண்டைக் கையில் எடுத்தாள்.

"இந்தாய்யா. நீ மொதல்ல."

அவளுக்கு எவனோ எழுதிக் கொடுத்தது, கெடுதல் இருந்தால் முதலில் நம் வயிற்றில் இறங்கட்டும் என்பதுதான் பாலையாவின் கணக்கும். வாங்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்.

அது அவர் தொண்டையில் இறங்கும்வரை பார்த்திருந்துவிட்டு, செல்லியம்மா தன்னுடையதைப் போட்டுக்கொண்டாள்.