புது பேஸ் கிடாரின் முதல் கச்சேரி

கல்யாண மேடைகளில் வாசிக்கும் ஜெர்வின், ஊரே வாய்பிளக்கும் விலையில் ஒரு பேஸ் கிடார் வாங்கினார். வீட்டுக்கு வந்ததுமே அது பழைய பேஸ் கிடாரிடம் பெருமையடிக்க ஆரம்பித்தது.

"என் கழுத்தில் விரல் வைத்தால் வெண்ணெயாய் வழுக்கும். என்னிடம் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகத் தெளிவாய்க் கேட்கும். உன்னிடம் வருவது வெறும் இரைச்சல்."

"இரைச்சல்தான் தம்பி," என்றது பழையது. "ஆனாலும் இத்தனை வருஷத்தில் ஜெர்வினை யாரும் குறை சொன்னதில்லை."

அன்று மாலையே ஒரு வரவேற்பில் புதியது மேடையேறியது. ஜெர்வின் தவறான சுரத்தைத் தொட்டார். அது மணிமணியாகக் கடைசி வரிசைவரை கேட்டது. அடுத்ததும் தவறு, அது இன்னும் இனிமையாகக் கேட்டது. பாடகி முறைத்தாள். பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை சிரித்தேவிட்டார்.

புதியதற்கோ ஒரே பூரிப்பு. தன் குரல் அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டதே!

வீடு திரும்பிய ஜெர்வின் அதைப் பைக்குள் திணித்து, ஜிப்பை இழுத்து மூடி, பரண்மேல் போட்டார்.

"என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி.

"நல்லா ஏமாத்திட்டாங்க. இவ்வளவு விலை கொடுத்தும், தப்புத் தப்பா வாசிக்குது!"