எதிர்வண்டிப் பொடி

"கொட்டிடுங்க. இதுவும் சரியில்லை."

மிக்ஸி ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்த பழக்காரி, பல்வலி வந்தவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள். அரைத்த சூடுகூட இன்னும் ஆறவில்லை.

தையல் மெஷினை நிறுத்திவிட்டு அவள் கணவர் எழுந்து வந்தார். மிளகாய் வறுத்த நெடியில் காலையிலிருந்து தும்மித் தும்மி, யாரோ ஒரு புண்ணியவானின் சட்டைப் பையைக் கோணலாகத் தைத்து வைத்திருந்தார். அந்த வீட்டில் தும்மலுக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே மரியாதை. வந்தால் வந்தது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

"நல்லாத்தானேம்மா இருக்கு?" என்றார், தானும் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு.

"உங்களுக்கு வெந்நீர் வச்சுக் குடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும். புளிப்பு ஒரு பக்கம் நிக்குது, காரம் ஒரு பக்கம் நிக்குது. சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி."

தையல்காரர் பொடியை ஒரு டப்பாவில் வழித்துப் போட்டுக்கொண்டு வெளியே போனார். குப்பைத்தொட்டி தெருமுனையில் இருந்தது.

பஸ் நிலைய வாசலில் தள்ளுவண்டியில் பழம் நறுக்கி விற்பது அவள் தொழில். அன்னாசியோ கொய்யாவோ வெள்ளரியோ, எதுவானாலும் மேலே அவள் கைப்பொடி விழும். எலுமிச்சையின் பச்சைத் தோலை மட்டும், உள்ளே இருக்கும் வெள்ளை படாமல் துருவி, நிழலில் காயவைத்து, வறுத்த மிளகாய், உப்பு, துளி சர்க்கரையோடு சேர்த்து அரைத்த பொடி. மனதுக்குப் பிடிக்காத அரைப்பு வண்டி ஏறாது. அது அவள் கொள்கை. பல வருஷமாக அந்த வாசலில் அவள் வைத்ததுதான் புளிப்பு, அவள் வைத்ததுதான் காரம்.

பிறகு எதிர்ப்பக்கம் தொப்பிக்காரர் வண்டி போட்டார். வெயிலோ மழையோ, தலையில் ஒரு துணித் தொப்பி. பெயர் அப்படித்தான் வந்தது. ஆரம்பத்தில் அவர் பழத்தின் மேல் வெறும் உப்பைத் தூவி, ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "பாவம்ங்க அந்த மனுஷன்" என்று அவளே வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒருநாள் அவர் வண்டியிலும் ஒரு மிளகாய்ப்பொடி முளைத்தது. அவளுடைய வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். 'பாவம்' என்ற சொல் சாலையைக் கடந்து இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கணவரிடம் அவள் புலம்பித் தீர்த்தாள்.

"நம்ம கண்டக்டர்கூட அங்கேதான் நிக்கறான். என்கிட்ட வந்து சில்லறை மாத்திக்கிட்டு, அங்கே போய்க் கொய்யா தின்னறான். இப்படியே போனா வண்டியை வித்துட்டு, உங்ககூட உக்காந்து பட்டன் தைக்க வேண்டியதுதான்."

தையல்காரர் முகம் வாடியது. அவள் பட்டன் தைக்கும் அழகு அவருக்குத் தெரியும்.

"போய் அந்தாளுகிட்ட ஒரு துண்டு வாங்கிட்டு வாங்க. என்னதான் போடறான்னு பாத்துடறேன்."

போனார். பேப்பரில் ஓர் அன்னாசித் துண்டோடு வந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வெகுநேரம் மென்றாள்.

"படுபாவி," என்றாள் கடைசியில். குரலில் கோபத்தைவிட மரியாதைதான் அதிகமாக இருந்தது. "எப்படி இழையுது பாருங்க. எங்கே புளிப்பு முடிஞ்சு எங்கே காரம் ஆரம்பிக்குதுன்னே தெரியலை. என்னமோ ஒண்ணு சேக்கறான். நான் போய்க் கேக்கப் போறேன்."

"வேணாம்மா. தொழில் ரகசியத்தை யாராவது சொல்வாங்களா? நம்ம மரியாதை என்னாகும்?"

"மரியாதையை வச்சு அடுப்பெரிக்க முடியுமா? இந்தாங்க கத்தி. யாராவது வந்தா பழத்தை நறுக்குங்க, விரலை விட்டுட்டு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் சாலையைக் கடந்தாள். அவளைக் கண்டதும் தொப்பிக்காரர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டார்.

"வா தங்கச்சி. நானே வந்து பாக்கணும்னு இருந்தேன்."

"அண்ணே, கேக்க வெக்கமாத்தான் இருக்கு. பொழைப்பாச்சே, கேட்டுத்தான் ஆகணும். இந்தப் பொடியில என்னதான் சேக்கறீங்க?"

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"நான் என்னத்தைச் சேக்கறேன்? வர்ற டப்பாவை ஒரு ராத்திரி இறுக்கி மூடி வச்சிருந்து, காலையில திறக்கறேன். ஊறினாத்தான் ருசின்னு என் வீட்டுக்காரி சொன்னா. பக்கவாதம் வந்து படுத்திருக்கா. கை போச்சு, நாக்கு போகலை." தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "'உங்களுக்குன்னே என் சம்சாரம் அரைச்சுக் குடுத்தா'ன்னு சொல்லி, ஒவ்வொரு தடவையும் உன் வீட்டுக்காரர்தான் அந்த டப்பாவைக் கொண்டாந்து தராரு. எதிர்க்கடைக்காரனுக்கு யாரு தங்கச்சி இப்படிச் செய்வாங்க?"

பழக்காரி திரும்பிப் பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் தையல்காரர் குனிந்து, ஓர் அன்னாசிப்பழத்தின் கண்களை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"போன டப்பாவுல உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்திருக்குமே அண்ணே," என்றாள் அவள். "நாளைக்குச் சரியா அரைச்சு, நானே கொண்டாந்து தரேன்."