பட்டியலில் விட்டுப்போனது

"ஒளிக்காம சொல்லணும். இந்தப் பட்டியலைத் தவிர வேற ஏதாவது உள்ள போகுதா?" டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை சார்," என்றார் கணவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டே.

"நீங்க சொல்லுங்கம்மா. சமைக்கிறது நீங்கதானே?"

"எல்லாம் அதுலயே இருக்குங்க," என்றாள் மனைவி.

பட்டியல் அவள் எழுதியதுதான். சலவைக் கடையில் துணிக்குச் சீட்டுப் போடுகிறவள் அவள். கைக்குட்டை ஒன்று, சட்டையில் பித்தான் இல்லாதது ஒன்று என்று எதையும் விடாமல் எழுதிப் பழகிய கை. கணவர் ஒரு மாதம் முழுக்கச் சாப்பிட்டதை வேளை வாரியாக அதே அழகோடு எழுதியிருந்தாள். பாலை நிறுத்தினாள். காரத்தை நிறுத்தினாள். கோதுமையும் தக்காளியும் வீட்டுக்குள் வந்தே மாதக்கணக்காகிறது. வலி மட்டும் குடிவந்த வீட்டைக் காலி செய்வதாக இல்லை.

டாக்டர் பரிசோதனைத் தாளைப் புரட்டினார்.

"கிருமி இல்லை, கட்டி இல்லை. ஆனா குடல் புண்ணாகிக்கிட்டே போகுது. ஏதோ ஒண்ணு தினமும் உள்ள போய் அரிக்குது. மாத்திரை, பொடி, லேகியம், எதுவா இருந்தாலும் யோசிச்சுப் பாருங்க. கண்டுபிடிக்கலைன்னா ஆறு மாசத்துல கத்தி வைக்க வேண்டி வரும்."

பொடி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் பட்டியலை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணாடி அறுக்கிற தொழில் அவருக்கு. போன வாரம் ஆளுயரக் கண்ணாடியில் கோடு இழுக்கும்போது சுருக்கென்று வலி வந்து, கை விலகி, கண்ணாடி நாலாகப் பிளந்துவிட்டது. "உடம்பைப் பார்த்துக்கிட்டு வீட்டிலேயே இருப்பா," என்று முதலாளி சொன்னதை அவளிடம் சிரித்தபடிதான் சொன்னார். அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். எப்படிச் சொல்வது?

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் அப்படிக் குடித்தார். அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்வார், சாயங்காலம் தள்ளாடிக்கொண்டு வருவார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு. கடைசியில் அவருடைய கூடப்பிறந்த அக்காவே ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். "தம்பிக்குத் தெரிய வேண்டாம். தினம் காலையில டீல ஒரு சிட்டிகை போடு. தானா விட்டுடுவான்."

அந்த வாரமே குடி நின்றது. பொடியைத்தான் அவளால் நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் மனுஷர் பழையபடி ஆகிவிடுவாரோ என்று சூடு கண்ட பூனையாகப் பயந்தாள். வயிற்று வலி தொடங்கியபோது சந்தேகம் வராமல் இல்லை. "வெறும் மூலிகைதாண்டி, அது என்ன பண்ணும்?" என்று நாத்தனார் சொன்னாள். நம்புவது சௌகரியமாக இருந்தது, நம்பினாள். பாலையும் தக்காளியையும் குற்றவாளியாக்கி, இரண்டு வருஷம் அவரைத் துடிக்க விட்டோமே என்று இப்போது தன்னையே நொந்துகொண்டாள்.

மறுநாள் காலை, பொட்டலத்தைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். குடி திரும்பி வந்தால் வரட்டும், மனுஷர் உயிரோடு இருக்க வேண்டும். வெறும் டீயை அவர் முன்னால் வைத்தாள்.

ஒரு வாய் குடித்தவர் நிமிர்ந்தார்.

"என்ன, இன்னைக்குப் பொடி போடலையா?"

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு... தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். நீ அழுதுக்கிட்டே அதைக் கலக்கினதைக் கதவோரமா நின்னு பார்த்தேன். அன்னைக்கு விட்டதுதான் குடி. பொடியெல்லாம் ஒண்ணும் பண்ணலை."

"பின்ன ஏங்க மூணு வருஷமா அதைக் குடிச்சீங்க? நேத்து டாக்டர் அத்தனை கேட்டாரே, அப்பவாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

அவர் மிச்ச டீயையும் குடித்து முடித்தார்.

"விட்டுட்டேன்னு எத்தனை தடவை வாயால சொன்னேன், நீ நம்பலை. இந்த டீயைக் குடிச்ச அப்புறம்தாம்மா நீ ராத்திரியில நிம்மதியாத் தூங்கினே."