பச்சைக் கம்மல்

உளவியல் மூன்றாம் ஆண்டுக்குப் போனதிலிருந்து பெனிட்டா குறுக்கே பேசுவதையே விட்டுவிட்டாள். அம்மா ரெஜினாவுக்கு அதுதான் உறுத்தியது. இருந்தாலும், மார்பில் தட்டுப்படும் கட்டியைப் பற்றி இன்று மகளிடம் சொல்லிவிட நினைத்தாள்.

பெனிட்டா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “மெதுவா சொல்லும்மா.” கல்லூரியில் கொடுத்த கம்மல் அவள் காதில் பச்சையாக எரிந்தது.

“அது எதுக்குடி எரியுது?”

“நான் நல்லா காது கொடுத்துக் கேட்டா எரியும். அதுக்குத்தான் மார்க்கு.”

“மார்க்கு யாரு போடுறா?”

“நம்ம ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிதாம்மா, கேக்குறதெல்லாம் இது அங்க அனுப்பிடும். அங்கதான எனக்கு வேலை கிடைச்சிருக்கு.”

“கழட்டி வச்சிட்டுக் கேளேன்.”

“கழட்டினா வேலை போயிடும்மா.”

ரெஜினா கையை மெல்ல உருவிக்கொண்டாள். “ஒண்ணுமில்ல, முதுகு வலிதான்.”

பெனிட்டா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். “நீ எதையோ மறைக்கிறம்மா.”

கம்மல் இன்னும் பிரகாசமாக எரிந்தது.